இடுப்பு மூட்டு: எதைப் பொருத்துவது, எந்த வழியாகத் திறப்பது?

கேள்வி: எனக்கு வயது 49. வலது இடுப்பு மூட்டின் குருத்தெலும்பு முற்றிலும் தேய்ந்துவிட்டது. மூட்டை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். எலும்பைக் காப்பாற்றும் ‘ரீசர்ஃபேசிங்’ போதும் என்கிறார் மற்றொருவர். முன்பக்கமாகத் திறந்தால் விரைவில் நடக்கலாம் என்றும் கேள்விப்படுகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது? – வாசகி ஒருவர்

பதில்: மூட்டுக்குள் எதைப் பொருத்துவது, எந்த வழியாக உள்ளே செல்வது என்று இரண்டு கேள்விகளை நீங்கள் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். முதலாவதே முக்கியமானது.

ரீசர்ஃபேசிங்கில் தொடை எலும்பின் பந்துப் பகுதியை வெட்டி அகற்றாமல், அதைச் செதுக்கி மேலே ஓர் உலோகத் தொப்பியைப் பொருத்துவார்கள். வழக்கமான வகையில், அந்தப் பந்து சுழலும் இடுப்பெலும்புக் குழியில் பொருத்தும் கிண்ணமும் உலோகமே. எலும்பு மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் உலோகத்தோடு உலோகம் உரசும்போது கோபால்ட்டும் குரோமியமும் உதிர்ந்து இரத்தத்தில் கலக்கின்றன. சிலருக்கு மூட்டைச் சுற்றியுள்ள தசையே சிதைகிறது. பந்து சிறியதாக இருந்தால் இம்முறை தோற்கும் வாய்ப்பு அதிகம். பெண்களுக்குப் பந்து பொதுவாகச் சிறியது. பரவலாகப் பயன்பட்ட ஒரு கருவியை இனிப் பெண்களுக்குப் பொருத்த வேண்டாம் என்று அதன் தயாரிப்பு நிறுவனமே 2015-இல் அறிவித்ததும் இதனால்தான். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது.

ஆகவே, உங்களுக்கு முழு மூட்டு மாற்றே பொருத்தம் என்பது என் கருத்து. இந்த வயதில் செய்தால் பிற்காலத்தில் மறு அறுவை வரலாம் என்ற தயக்கம் நியாயமானது. எனினும், 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, மாற்றப்பட்ட இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடித்திருக்கின்றன; அவையும் பழைய தலைமுறை மூட்டுகள். கிண்ணத்துக்குள் இன்று பொருத்தும் வலுவூட்டிய பாலிஎத்திலீன் என்ற நெகிழி அவற்றைவிட மிகக் குறைவாகவே தேய்கிறது. செராமிக் பந்தும் இந்தப் பாலிஎத்திலீன் உள்ளுறையும் சேர்ந்த இணையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். செயற்கை மூட்டை எலும்போடு பிணைக்கச் சிமென்ட் வேண்டுமா என்பதை எலும்பின் உறுதியைப் பார்த்து அவரே முடிவுசெய்வார்.

முன்பக்க வழியில் தசைகளை வெட்டாமல் அவற்றின் இடைவெளியில் செல்வதால் முதல் சில வாரங்கள் எளிதாகக் கழியலாம். சில மாதங்களில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவதும் உண்டு. பின்பக்க வழியில் திறந்தால், பந்து நழுவாமலிருக்கச் சில வாரங்களுக்குத் தாழ்வாக உட்காராமலும் கால்மேல் கால் போடாமலும் இருக்கச் சொல்வார்கள். விளம்பரங்கள் எதைச் சொன்னாலும், அறுவை மருத்துவருக்குக் கைவந்த வழியே உங்களுக்கும் பாதுகாப்பானது. ஆண்டுக்கு எத்தனை பேருக்கு அந்த வழியில் செய்கிறார், அவர்களில் எத்தனை பேருக்கு மீண்டும் திறக்க நேர்ந்தது என்று தயங்காமல் கேளுங்கள்.