சூடான பானமும் எலும்பு மஜ்ஜையும்

கேள்வி: டீ, காபி தொடாத மார்மன்களுக்கு நோய் வராது என்று அவர்களுடைய வேதம் வாக்குறுதி தருகிறதாமே, உண்மையா?

பதில்: டீ, காபி என்று எழுதியிருக்கிறீர்கள். மூலத்தில் அந்த இரண்டு பெயருமே கிடையாது. 1833 பிப்ரவரி 27 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கிர்ட்லாந்தில், மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் கொடுத்த 'ஞான வார்த்தை' என்ற வேத அத்தியாயத்தில் 'சூடான பானங்கள்' என்றுதான் இருக்கிறது. அது டீயும் காபியும்தான் என்று அவருடைய அண்ணன் ஹைரம் விளக்கம் சொன்னது 1842இல். சரி, அப்படியென்றால் சூடுதான் குற்றமா? சூடான சாக்லேட்டைத் தாராளமாகக் குடிக்கிறார்கள், ஐஸ் போட்ட காபிக்குத்தான் தடை. அப்போது காஃபீனா? கோலாவுக்குத் தடையில்லை என்று 2012இல் சபையே சொல்லிவிட்டது. சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2017இலிருந்து காஃபீன் கலந்த சோடாவே விற்கிறார்கள். சூடும் காரணமில்லை, காஃபீனும் காரணமில்லை என்றால் மிஞ்சுவது கீழ்ப்படிதல் மட்டும்தான். அதை நேராகச் சொன்னால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, விரதம் இருப்பவரிடம் போய் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால் விரதத்தை மருந்துச்சீட்டாக மாற்றினால் கேட்டுத்தான் ஆகவேண்டும். இதற்காக இந்தப் பக்கத்தில் எல்லா மதத்துக்காரர்களோடும் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

அதே அத்தியாயம் இறைச்சியைக் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும், அதுவும் குளிர்காலத்திலோ பஞ்சத்திலோ என்றால்தான் உத்தமம் என்கிறது. அதை மீறியதற்காக மார்மன் கோயில் வாசலில் யாரையும் நிறுத்துவதில்லை. ஆனால் காபி குடித்தால் கோயிலுக்குள் போக அனுமதிச்சீட்டு கிடைக்காது. இத்தனைக்கும் ஆரம்ப வரிகளிலேயே 'இது கட்டளையோ கட்டாயமோ அல்ல' என்று இருக்கிறது. அறிவுரையாக வந்த ஒன்று, ஹீபர் ஜே. கிராண்ட் சபைத் தலைவராக இருந்த காலத்தில் கோயிலுக்குள் போவதற்கான நிபந்தனையாக இறுகிப்போனது.

புகையிலை வேண்டாம் என்றது நல்ல அறிவுரை, அதில் சந்தேகமே இல்லை. கலிபோர்னியா மார்மன்களிடம் புற்றுநோய் மரணம் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் புகைக்காத நாத்திகருடைய நுரையீரலுக்கும் அந்த நன்மை உண்டே, அதற்கு வாக்குறுதி எதற்கு?

இப்போது நீங்கள் கேட்ட வாக்குறுதிக்கு வருகிறேன். இந்த வார்த்தைகளைக் கைக்கொள்கிறவர்கள் ஓடினாலும் களைக்க மாட்டார்களாம். பைபிள் கதையில் எகிப்தில் இஸ்ரவேலரைக் கொல்லாமல் கடந்துபோனதுபோல், உயிர் பறிக்கும் சங்காரத் தூதன் அவர்களையும் கடந்துபோவானாம். நாபிக்கு ஆரோக்கியமும் எலும்புக்கு மஜ்ஜையும் கிடைக்குமாம். ரத்தப் புற்றுநோய் தொடங்குவதே அந்த மஜ்ஜையில்தான். வாழ்நாளில் ஒரு சொட்டு காபி குடிக்காத ஒரு தாய், அந்த நோயில் படுத்திருக்கும் பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்து இந்த வரியைப் படித்தால் என்ன நினைப்பாள்? தூதன் நம் வீட்டை மட்டும் ஏன் கடந்துபோகவில்லை, நாம் எங்கே தவறினோம் என்று தன்னைத்தானே குடைந்துகொண்டிருப்பாள். வாக்குறுதி ஆன்மாவுக்குத்தான், உடம்புக்கு அல்ல என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அதை அவள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.