சுண்டா மக்களும் அவர்கள் மொழியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மதுரை வாசகர்): சுண்டா மக்கள் சூடான் நாட்டைச் சேர்ந்தவர்களா?

பதில்: இல்லை. ஆங்கில எழுத்துகளின் ஒற்றுமையால் நேரும் குழப்பம் இது. சுண்டா மக்கள் இந்தோனேசியாவில், ஜாவா தீவின் மேற்குப் பகுதியான மேற்கு ஜாவா, பாந்தென் மாகாணங்களில் வாழ்பவர்கள். மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட அவர்கள், மக்கள்தொகையில் அந்நாட்டின் இரண்டாவது பெரிய இனத்தவர்.

கேள்வி (திருச்சி வாசகர்): ஜாவாத் தீவில் வாழ்வோரை ஜாவானியர் என்று அழைப்பதில் என்ன தவறு?

பதில்: ஜாவானியர் என்பது அத்தீவின் நடுப்பகுதியையும் கிழக்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட வேறோர் இனத்தின் பெயர். இரு மொழிகளும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவையே என்றாலும், ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கற்காமல் விளங்காது. ஐந்து என்பதைச் சுண்டா மொழியில் 'லிமா' என்பர். ஜாவானியர் 'லிமோ' என ஒலிப்பர். மேற்கு ஜாவாவின் போகோர் நகருக்கு அருகே கிடைத்த, கி.பி. 932 எனக் கணிக்கப்படும் கல்வெட்டிலேயே சுண்டா அரசனைப் பற்றிய குறிப்பு உள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்கென வழங்கிவரும் பெயரை விட்டுவிட்டு, அண்டை இனத்தின் பெயரால் அவர்களை அழைப்பது அவர்கள் வரலாற்றையே மறைப்பதாகும்.

கேள்வி (கோவை வாசகர்): பெரிய சுண்டாத் தீவுகளில் சுமத்ராவும் போர்னியோவும் அடங்குகின்றனவே, அங்கெல்லாம் இவர்கள்தாம் வாழ்கிறார்களா?

பதில்: அது புவியியலார் விரித்து வழங்கிய பெயர். சுண்டா மக்களின் தாயகம் ஜாவாத் தீவின் மேற்குப் பகுதி மட்டுமே.

கேள்வி (சேலம் வாசகர்): அம்மொழியில் மரியாதைச் சொற்கள் மிகுதி என்கிறார்களே?

பதில்: உண்மைதான். உண்பதைக் குறிக்க, நெருங்கியவர்களுடன் 'டஹார்' என்பர். மரியாதையாகப் பேசும்போது தாம் உண்பதைப் பணிவாக 'நெடா' என்றும், பெரியவர் உண்பதை 'துவாங்' என்றும் சொல்வர். தம் செயலுக்குத் 'துவாங்' என்று சொல்வது பிழை. அது தம்மைத் தாமே உயர்த்திக்கொள்வதாகக் கருதப்படும். இந்த அடுக்கு முறை, 17ஆம் நூற்றாண்டில் பிரியாங்கான் மலைநாடு ஜாவானிய மத்தாராம் அரசின் ஆட்சிக்கு உட்பட்டபோது வேரூன்றியது. பாந்தென் மலைகளில் தனித்து வாழும் பாடுய் மக்களின் பேச்சில் இன்றும் இது இல்லை. ஆகவே இதனைச் சுண்டா மொழியின் ஆதி இயல்பாகக் கொள்வது பொருந்தாது என்பது என் கருத்து.

கேள்வி (காஞ்சிபுரம் வாசகர்): நம் நாட்டுடன் அவர்களுக்குப் பழந்தொடர்பு ஏதும் உண்டா?

பதில்: எழுத்தில் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் அப்பகுதியை ஆண்ட தருமநகர அரசன் பூர்ணவர்மனின் சிஅருதுன் பாறைக் கல்வெட்டு, பல்லவ எழுத்தில், வடமொழியில் அமைந்தது. அதில் அரசனின் இரு பாதச் சுவடுகள் செதுக்கப்பட்டுள்ளன. அவை திருமாலின் பாதங்களுக்கு ஒப்பிடப்பட்டுள்ளன. பிற்காலச் சுண்டா எழுத்தும் அந்த எழுத்து மரபில் கிளைத்ததே. இன்று அன்றாட எழுத்துக்கு இலத்தீன் வரிவடிவமே பயன்பட்டாலும், பழைய எழுத்தைப் பள்ளிகளில் கற்பிக்கிறார்கள். தெருப் பெயர்ப் பலகைகளிலும் அதனைக் காணலாம்.

கேள்வி (நெல்லை வாசகர்): அம்மொழியில் இன்றும் எழுதுகிறார்களா?

பதில்: எழுதுகிறார்கள். நகரங்களில் பல பெற்றோர் பிள்ளைகளிடம் இந்தோனேசிய மொழியிலேயே பேசத் தொடங்கியிருப்பது கவலைக்குரியது. எனினும், 1957இல் தொடங்கிய 'மாங்லே' இதழ் சுண்டா மொழிக் கதைகளுக்கு நெடுங்காலம் இடமளித்து வந்துள்ளது. எழுத்தாளர் அஜிப் ரோசிடி முன்னின்று ஏற்படுத்திய ரஞ்சகே இலக்கிய விருது, 1989இல் சுண்டா நூல்களுக்கென்றே தொடங்கி, பின்னர் ஜாவானிய, பாலி மொழி நூல்களுக்கும் விரிவடைந்தது.