வீட்டில் வறுமையும் அடியும் இருந்தால் பிள்ளையின் படிப்பு ஏன் பின்தங்குகிறது?

மனது வைத்தால் எந்த வீட்டுப் பிள்ளையும் படித்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மனது வைப்பதற்கே முதலில் உடலும் மூளையும் இடம் தர வேண்டும். வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குக் கவனம் நிற்காது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் சோர்வு நாள் முழுவதும் நீடிக்கும். தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் விரிவாக்கிய மதிய உணவும், 2022இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய காலை உணவும் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

ஆனால் அடியும் வசவும் செய்யும் கேட்டைச் சோறு மட்டும் ஆற்றிவிடாது. அச்சத்திலேயே வாழும் குழந்தையின் உடலில் மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு நெடுங்காலம் சீர்குலைந்திருக்கும்போது, நினைவையும் கவனத்தையும் ஆளும் மூளைப் பகுதிகள் பாதிக்கப்படுகின்றன. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில், பக்கத்து இலக்கத்திலிருந்து வாங்கிய ஒன்றைச் சில நொடிகளாவது மனத்தில் வைத்திருக்க வேண்டும். இரவெல்லாம் அப்பா வரும் காலடி ஓசைக்குக் காத்துக் கிடந்த பிள்ளையால் அந்தச் சில நொடிகளைக்கூடப் பிடித்து வைக்க முடிவதில்லை. அதைச் சோம்பல் என்று நாம் சொல்வது பெரிய அநியாயம்.

வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று பள்ளியிலும் அடித்தால், அந்தப் பிள்ளைக்கு அஞ்சாமல் இருக்க ஓரிடமும் மிஞ்சாது; பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்திருக்கிறது. பிள்ளையின் உடலில் காயம் தென்பட்டால், ஆசிரியரோ அண்டை வீட்டாரோ குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.