மார்கழித் தும்மலுக்கு என்ன செய்வது? – காது மூக்கு தொண்டை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: கார்த்திகை பிறந்தால் தொடங்கும் தும்மல் மாசி வரை ஓய்வதில்லை. விடியற்காலையில் கோலம் போடக் குனிந்தால் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, கண்ணிலும் மேலண்ணத்திலும் அரிப்பு. வெயில் ஏறியதும் அடங்கிவிடுகிறது. காய்ச்சல் இல்லை. கடையில் வாங்கும் சளி மாத்திரை பகலெல்லாம் தூங்க வைக்கிறது. மஞ்சள் பாலும் நொச்சி ஆவியும் விடாமல் எடுக்கிறேன். நிரந்தரமாகக் குணமாக வழி உண்டா?
– திண்டுக்கல் வாசகி

பதில்: காய்ச்சல் இல்லை, மேலண்ணம் அரிக்கிறது, மாதக்கணக்கில் நீடிக்கிறது. இவை மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் ஒவ்வாமைதான். கிருமியால் வரும் சளி வழக்கமாகப் பத்து நாளுக்குள் விடைபெற்றுவிடும்.

மழை விட்ட ஈரத்தில் வீட்டுக்குள் பூஞ்சையும், மெத்தை தலையணையில் வாழும் தூசி உண்ணிகளும் பெருகுகின்றன. மழையில் முளைத்த பார்த்தீனியம் தெருவோரமெங்கும் பூத்து நிற்கிறது. பனிக்காலக் காலையில் காற்று அசையாததால் தூசியும் புகையும் தரையை ஒட்டியே தங்குகின்றன. நீங்கள் அந்த நேரத்தில்தான் வாசலில் குனிகிறீர்கள். கோலப்பொடி பெரும்பாலும் கல் மாவு. ஏற்கெனவே வீங்கிய மூக்கை அது மேலும் உறுத்தும். கோலத்தை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. அரிசியை அரைத்து ஈர மாக்கோலமாகப் போடுங்கள், மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம் அணியுங்கள். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

இனி மாத்திரை. உங்களைத் தூங்க வைப்பது அநேகமாகக் குளோர்பெனிரமின் என்ற பழைய மருந்து. சளி மாத்திரைகள் பலவற்றில் அது இருக்கிறது. செட்ரிசின், லெவோசெட்ரிசின் இரண்டும் தூக்கத்தைக் குறைவாகத் தரும், என்றாலும் சிலருக்கு அசதியைத் தரும். இரவில் போடுவது நல்லது. ஃபெக்ஸோஃபெனாடினில் தூக்கம் மிகக் குறைவு. அதைத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு போட்டால் உடலில் சரியாகச் சேராது. இவை எல்லாம் தும்மல், அரிப்பு, ஒழுகலை அடக்கும். அடைப்பை அவ்வளவாகத் திறக்காது.

வருடா வருடம் மாதக்கணக்கில் அவதிப்படும் உங்களுக்கு ஏற்றது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே: ஃபுளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன். ‘ஸ்டீராய்டா!’ என்று பலர் பதறுகிறார்கள். இதன் அளவு மைக்ரோகிராம் கணக்கு. இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். தும்மும்போது மட்டும் அடித்துவிட்டு, பலனில்லை என்று பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுவதுதான் நான் அன்றாடம் பார்க்கும் துயரம். தினமும் அடித்தால்தான் இது வேலை செய்யும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். ஆகவே அடுத்த ஆண்டு ஐப்பசி நடுவிலேயே, மருத்துவரைக் கேட்டுத் தொடங்கிவிடுங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் அடியுங்கள். அப்போது மருந்து நடுத்தண்டில் படாமல் பக்கச் சுவரில் படும். மூக்கிலிருந்து இரத்தம் கசிவதும் குறையும். அடித்ததும் பலமாக உறிஞ்ச வேண்டாம்.

மஞ்சள் பால் தொண்டைக்கு இதம்; குடியுங்கள். நொச்சி ஆவி அடைப்பைச் சிறிது நேரம் இளக்கும். இரண்டும் ஒவ்வாமையைத் தடுப்பதில்லை. குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் கொதிக்கும் பாத்திரத்தை மட்டும் வைக்காதீர்கள். வீட்டு வைத்தியத்தில் நான் மனதாரப் பரிந்துரைப்பது உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது. கால் லிட்டர் நீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரைத் தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை. ஸ்பிரே அடிக்கும் முன் கழுவினால் படிந்த தூசி வெளியேறும். நீரைக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவைத்தே பயன்படுத்த வேண்டும். குழாய் நீர், கிணற்று நீர் பச்சையாகக் கூடவே கூடாது. 2024-இல் கேரளத்தில் நீர்நிலைகளில் குளித்த சிறுவர்களைப் பலிகொண்ட அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குச் செல்கிறது.

நிரந்தரக் குணம் என்று யார் உறுதி கொடுத்தாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள். தோல் பரிசோதனையில் காரணத்தைக் கண்டறிந்து, அதையே சிறு அளவில் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை உண்டு. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் எடுக்கும். பொருத்தமானவர்களுக்கு நல்ல பலன் தரும். ஸ்பிரேயை ஒழுங்காகப் பயன்படுத்தியும் தீராவிட்டால் அதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: வயது 66. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. எங்கள் ஊரைச் சுற்றிச் சீமைக் கருவேலங்காடு. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து இல்லாமல் தூக்கமே வராது; ஆண்டுக்கணக்கில் விடுகிறேன். சீசனுக்கு ஒரு ஊசி போட்டால் சில மாதம் நிம்மதி. தொடரலாமா?
– ராமநாதபுரம் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா, இரண்டுமே வேண்டாம். கருவேல மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியதுதான். ஆனால் இன்று உங்கள் அடைப்புக்கு அந்தச் சொட்டு மருந்தே காரணமாகியிருக்கலாம். ஸைலோமெட்டசோலின் போன்ற மருந்துகள் மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஐந்து நாளுக்கு மேல் போனால், மருந்தின் வேகம் தணிந்ததும் குழாய்கள் முன்னைவிட வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்கிக்கொண்டு, முதலில் ஒரு மூக்கில் சொட்டை நிறுத்துங்கள். சில நாள் சிரமம்தான். ஒரு பக்கம் திறந்தபின் மறு பக்கம்.

அந்த ஊசி பல வாரம் உடலில் தங்கும் ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். போட்டவரிடம் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. சர்க்கரையை ஏற்றும், மீண்டும் மீண்டும் போட்டால் எலும்பை மெலிய வைக்கும். பழைய சளி மாத்திரைகளும் உங்களுக்கு ஆகாது: அடைப்பு நீக்கி கலந்தவை அழுத்தத்தை ஏற்றும், புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம். இரவில் இருமலோ இழுப்போ இருந்தால் ஆஸ்துமாவா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 13 வயது மகனுக்கு லெவோசெட்ரிசினும் மான்டெலுகாஸ்டும் கலந்த மாத்திரை சில மாதமாகக் கொடுக்கிறோம். தும்மல் குறைந்தது. ஆனால் கெட்ட கனவு கண்டு அலறுகிறான், எதற்கெடுத்தாலும் எரிச்சல். பருவ வயதுதானே என்கிறார் கணவர்.
– சேலம் வாசகி

பதில்: பருவ வயதாகவும் இருக்கலாம். ஆனால் மான்டெலுகாஸ்ட் கெட்ட கனவு, கோபம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் தன் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. வெறும் மூக்கு ஒவ்வாமைக்கு வேறு மருந்துகள் பலிக்காதபோது மட்டுமே இதைத் தரச் சொல்கிறது. இந்த வாரமே எழுதிக்கொடுத்த மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்துமாவும் இருந்தால் மாற்று மருந்தோடு நிறுத்துவார். மகனிடமும் மனம்விட்டுப் பேசுங்கள். குழந்தைகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தைக்கு மூக்கடைப்பு. மாமியார் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுகிறார், சாம்பிராணி காட்டுகிறார், மஞ்சள் கொம்பைச் சுட்டும் புகை காட்டுகிறார். சரியா?
– தென்காசி வாசகி

பதில்: மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கும். புகை எதுவானாலும் பிஞ்சு மூச்சுக்குழாயை உறுத்தும்; கொசுவர்த்திச் சுருளும் அப்படித்தான். கற்பூரத் தைலமும் பூசக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டை மூக்கில் இட்டபின் பால் கொடுங்கள், போதும். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பேரக்குழந்தை மீதுள்ள அக்கறையில் செய்கிறவர், காரணத்தைச் சொன்னால் கேட்பார். குழந்தை பால் குடிக்கத் திணறினாலோ, மூச்சை இழுக்கும்போது விலா உள்ளே ஒடுங்கினாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.