ஆஸ்பத்திரியில் தீப் பாதுகாப்பு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் 22 வருடங்களாக வேலை செய்கிறேன். வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

தாதி, வெள்ளவத்தை: அண்ணா, எங்கள் வாட்டில் இருக்கும் காபனீரொட்சைட்டுத் தீயணைப்பானில் அழுத்தம் காட்டும் முள்ளே இல்லை. நிரம்பியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தங்கச்சி, அதற்கு முள் வருவதில்லை. தராசில்தான் நிறுக்க வேண்டும். வெற்று எடை உருளையிலேயே பொறித்திருக்கும். உள்ளிருக்கும் வாயுவில் 10 சதவீதம் குறைந்தாலே நிரப்ப அனுப்புங்கள். ஒருமுறை 5 கிலோ உருளை ஒன்றைக் கொக்கியிலிருந்து எடுத்தேன். கை எதிர்பார்த்ததைவிட லேசாக மேலே வந்துவிட்டது. அட்டையில் மாதாமாதம் 'சரி' என்று கையெழுத்து இருந்தது. ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. அப்புறம், அடிக்கும்போது வாயு வெளியே வரும் கொம்பைப் பிடிக்காதீர்கள், குளிர் கையைப் புண்ணாக்கிவிடும்.

மருதானை: பவுடர் தீயணைப்பான் முள் பச்சையில் நின்றால் போதுமா?

போதாது. பச்சை அழுத்தத்தை மட்டுமே சொல்லும். சீல், கைப்பிடியில் குத்தியிருக்கும் பின், குழாய் எல்லாம் பாருங்கள்.

வாட் பொறுப்புத் தாதி: தீ வந்தால் நோயாளிகளை உடனே கீழே இறக்க வேண்டுமா?

உடனே வேண்டாம். முதலில் அதே மாடியில், தீயையும் புகையையும் தடுக்கும் தீக்கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலோடு தள்ளுங்கள். அந்தப் பகுதிக்கும் ஆபத்து வந்தால்தான் படிக்கட்டு. கதவு ஒழுங்காக மூடினால்தான் இது நடக்கும். 2011 டிசம்பரில் கொல்கத்தா ஏஎம்ஆர்ஐ ஆஸ்பத்திரியில் தீ பிடித்தது அடித்தளத்தில்; மேல்மாடிகளில் படுத்திருந்தவர்களைக் கொன்றது புகை. ஏறத்தாழ 90 பேர். தீக்கதவு மூடாதபடி மரக்கட்டையை அடியில் செருகி வைக்காதீர்கள்.

தீ வந்தால் வாட்டின் ஒட்சிசன் வால்வை யார் மூடுவது?

வாட் பொறுப்பாளர். யார் யாருக்கு ஒட்சிசன் ஓடுகிறது என்று பார்த்து, அவர்களைச் சிலிண்டருக்கு மாற்றிய பிறகு. அந்த வால்வுப் பெட்டிக்கு முன்னால் ட்ரொலி நிற்கக்கூடாது. காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம். அது கொஞ்சம் கூடினாலே படுக்கை விரிப்பு பயங்கர வேகத்தில் எரியும். வால்வில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது.

பாதுகாப்பு உத்தியோகத்தர், தெமட்டகொட: ஐயா, பின் படிக்கட்டுக் கதவை இரவில் பூட்டாவிட்டால் நோயாளிகளின் போன் களவு போகுது. திறப்பு என் இடுப்பில்தான் இருக்கு.

நீங்கள் கீழ்வாசலில் நிற்கும்போது நான்காம் மாடியில் புகை வந்தால்? பூட்டைக் கழற்றிவிட்டுத் தள்ளுகம்பி போடுங்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது, திறந்தால் மணி அடிக்கும்.

அவரே: மணி அடித்தால் நோயாளிகள் எழும்பி, தாதி மிஸ்மார் என்னோடு சண்டை.

மணியைக் கதவில் வைக்காமல் உங்கள் காவலறையில் வையுங்கள்.

கொட்டாஞ்சேனை: திறப்பைக் கதவருகே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாமே?

வேண்டாம். ஒரு பயிற்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டு நானே செய்து பார்த்தேன். பெட்டியைத் தடவிக் கண்டுபிடித்தேன், திறப்பையும் எடுத்தேன். துவாரத்தில் போட முடியவில்லை, இரண்டு தடவை கீழே விழுந்தது. அங்கே புகையும் இல்லை, பின்னால் கட்டிலோடு யாரும் நிற்கவும் இல்லை.

உத்தியோகத்தர்: மணி கேட்டு நான் ஓடி வர முன்னம் கள்ளன் போயிடுவான் ஐயா.

போகட்டும், தம்பி. கமரா போடச் சொல்லுங்கள், அலுமாரிக்குப் பூட்டுக் கேளுங்கள். அந்தக் கதவை மட்டும் பூட்டாதீர்கள்.

தீக்கதவு ட்ரொலியில் இடிக்கிறது, மரக்கட்டை வைக்கலாமா?

இந்தக் கேள்வி வருவது இது நான்காவது தடவை. வைக்கக்கூடாது. காந்தப் பிடி கேளுங்கள். அலாரம் அடித்தால் அது கதவைத் தானாக விட்டுவிடும்.

மாநகர சபையின் தீப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு எவ்வளவு கட்டணம்?

மருதானைத் தீயணைப்புத் தலைமையகத்தில் கேளுங்கள். அவசர எண் 110, தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

உத்தியோகத்தர்: சரி ஐயா. தள்ளுகம்பி வர மாதக்கணக்காகும். இன்றைக்கு இரவு என்ன செய்ய?

பூட்டை எடுத்துவிட்டு, அந்தக் கதவடியில் ஒரு கதிரை போட்டு ஓர் ஆளை இருத்துங்கள்.