60 பாகைச் சாய்வில் 2 ஜி ஏன் வரவில்லை?

கேள்வி: ஃபிளைட்கியர் சிமுலேட்டரில் செஸ்னா 172எஸ் விமானத்துக்கு நானே ஒரு மாதிரியை உருவாக்கிச் சீர்செய்து வருகிறேன். 60 பாகை சாய்த்துத் திருப்பினால் 2 ஜி காட்ட வேண்டும் என்கிறார்கள், எனக்கு 1.6-தான் வருகிறது. தூக்குவிசைக் குணகத்தை (இறக்கை எவ்வளவு தூக்கும் என்பதைக் கோப்பில் குறிக்கும் எண்) கூட்டிவிடலாமா?

பதில்: கூட்டாதீர்கள். ஜி என்பது நாம் கோப்பில் எழுதிவைக்கும் எண் அன்று. இறக்கை அந்தக் கணத்தில் தரும் தூக்குவிசையை விமானத்தின் எடையால் வகுத்தால் கிடைக்கும் விடை. சுமைக் காரணி என்பதும் இதுவே. சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் செங்குத்துக் கூறு மட்டுமே எடையைத் தாங்குவதால், உயரம் இழக்காமல் திரும்பும் எந்த விமானத்திலும், அது செஸ்னாவானாலும் போயிங்கானாலும், சுமைக் காரணி 30 பாகையில் 1.15, 45-இல் 1.41, 60-இல் 2, 75-இல் ஏறத்தாழ 3.9 என ஏறியே தீரும். 60 பாகையில் செங்குத்துக் கூறு பாதிதான் என்பதால், உங்கள் 1.6-இல் 0.8 மட்டுமே எடையை எதிர்த்து நிற்கிறது, குறைகிற 0.2 விமானத்தைக் கீழ்நோக்கி முடுக்குகிறது. அந்த நேரத்தில் செங்குத்து வேகமானியைப் பாருங்கள், முள் இறங்கிக்கொண்டிருக்கும். யோக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, இன்னும் இழுக்க வேண்டும். ஸ்டாலுக்கு (காற்றோட்டம் பிரிந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) போதிய இடைவெளி இருந்தும், முழுக்க இழுத்தும் மூக்கு எழவில்லை என்றால், எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) திறனைக் குறைவாகவோ புவியீர்ப்பு மையத்தை மிக முன்னாலோ வைத்திருக்கிறீர்கள்.

ஜியை அளக்கும் இடமும் முக்கியம். புவியீர்ப்பு மையத்துக்கு 1 மீட்டர் முன்னால் அளந்தால், மூக்கு விநாடிக்கு விநாடி 1 ரேடியன் வேகம் கூடி எழும்போது 0.1 ஜி கூடுதலாகத் தெரியும். ஆகவே திருப்பம் நிலைப்பட்ட பிறகே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தூக்குவிசையைச் சோதிக்க ஸ்டால் வேகமே சரியான இடம். முழு எடையான 2,550 பவுண்டில், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்புப் பலகை) இறக்காத நிலையில், இந்த விமானத்தின் ஸ்டால் வேகம் வேகமானியில் 48 நாட் எனத் தெரிந்தாலும், பிழை திருத்திய வேகம் 53 நாட். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: 48-ஐ உண்மை வேகமாகக் கொண்டு குணகத்தைப் பொருத்தினால், வேகத்தின் இருமடி கணக்கில் வருவதால், தூக்குவிசை 20 சதவீதத்துக்கும் மேல் மிகுந்துவிடும். ஸ்டால் வேகம் சுமைக் காரணியின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறுவதால், 2 ஜி திருப்பத்தில் 53 என்பது 75 ஆக வேண்டும்.

அதே எடையில் 105 நாட்டில் யோக்கை முழுக்க இழுத்துப் பாருங்கள். இந்த வகைக்கான எல்லையான 3.8 ஜியை ஒட்டி இறக்கை ஸ்டால் ஆக வேண்டும். 5 ஜி வரை ஏறினால், குணகத்தின் உச்சத்தை நீங்கள் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். டாங்கி காலியாக இருக்கும்போது இதைச் செய்து பார்க்காதீர்கள்: எடை குறைந்தால் அதே வேகத்தில் ஜி கூடும் என்பதால்தான், 1,900 பவுண்டில் யோக்கை முழுக்க இழுக்கலாம் என்ற அந்த 105 நாட் வரம்பை 90-ஆகக் குறைத்துக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள்.