ஏ.ஆர்-15: ‘ஏ.ஆர்’ என்றால் அசால்ட் ரைஃபிளா?

இல்லை, ஆர்மலைட் ரைஃபிள். ஏ.ஆர்-15 என்பது அமெரிக்காவில் விற்கும் ஒரு துப்பாக்கி வகை. ஆர்மலைட் என்பது அதை முதலில் வடிவமைத்த கம்பெனியின் பெயர். உங்கள் விவாதக் கட்டுரையில் ‘ஏ.ஆர் என்றால் அசால்ட் ரைஃபிள்’ என்று எழுதியிருந்தீர்கள்; எதிரணி பிடித்துக்கொண்டது இந்த ஒரு வரியைத்தான்.

‘அசால்ட் ரைஃபிள்’, ‘அசால்ட் வெப்பன்’ இரண்டையும் ஒன்றாக்கியிருப்பீர்கள். முன்னது ராணுவச் சொல். விசையைப் பிடித்தபடியே இருந்தால் தொடர்ந்து சுடும் வசதி உள்ளது. பின்னது சட்டச் சொல். அமெரிக்காவின் 1994 தடைச் சட்டப்படி, கழற்றக்கூடிய மேகசின் (குண்டுப் பெட்டி) உள்ள அரைத்தானியங்கி ரைஃபிளில் தோளில் வைக்கும் மடக்குக் கட்டை, பிஸ்டல் பிடி, பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் இடம் போன்றவற்றில் இரண்டு இருந்தாலே போதும், அது ‘அசால்ட் வெப்பன்’. (அதிலிருந்து தப்பிக்க, கம்பெனிகள் பயோனெட் இடத்தை எடுத்துவிட்டு விற்றார்கள், அது தனிக்கூத்து.)

கட்டுரையில் ‘தானியங்கி’ என்று தேடுங்கள். ஓர் அழுத்தத்துக்கு ஒரு குண்டு என்றால் ‘அரைத்தானியங்கி’ என்று மாற்றுங்கள்.

ஒன்று கவனம்: அந்தச் சட்டம் 2004ல் காலாவதி. இப்போது மாநிலத்துக்கு மாநிலம் வரையறை வேறு.